இடக்கண்ணில் அந்தி

பிப்ரவரி 8, ஞாயிறு

நாளை வலது கண்ணில் ஆபரேஷன். இடது கண்ணுக்கு ஒரு மாதம் கழித்து. இரண்டையும் ஒரேயடியாகச் செய்துவிட்டால் என்ன என்று கேட்டேன். டாக்டர் சிரித்தார். என் மகன் வயதுதான் இருக்கும். "நல்லா முத்தின புரைங்கய்யா, ரெண்டு மூணு வருஷமாவே இருந்திருக்கும்" என்றார். அதெல்லாம் இல்லை, போன தீபாவளிக்கு அப்புறம்தான் என்றேன். என் மனைவி மைனாவதி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டாள்.

இந்த டைரியும் அவள் கொடுத்ததுதான். "ஒரு மாசம் சும்மா உக்காந்து என்ற உசுர வாங்காம, இதுல எதாச்சும் எழுதிட்டிருங்க" என்றாள். எனக்கு எழுத்துப் பழக்கம் கிடையாது. முப்பத்தொரு வருஷமாகத் திருப்பூரில் டையிங் மாஸ்டர். சாயம் ஏறி வரும் துணியைப் பார்த்து நிறம் சரி, தப்பு என்று சொல்வது என் தொழில். எழுதியதெல்லாம் ஒவ்வொரு லாட்டின் நிறத்தையும் பதிந்துவைக்கும் ஷேடு கார்டில்தான். அதில் ஒரு விதி உண்டு. அடித்தல் திருத்தல் கூடாது. அடித்தே ஆகவேண்டுமென்றால் அடித்தவன் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். இந்த டைரியிலும் அப்படியே நடந்துகொள்கிறேன்.

எதிர்ச் சுவரில் அந்தப் படம் இருக்கிறது. போன வருஷம் துணி வாங்கும் வெளிநாட்டு பையர் ஒருவர், துணிக்கு வேண்டிய நிறங்களைக் காட்டுவதற்காகக் கம்பெனிக்கு அனுப்பியது. மரப்பலகையைச் செதுக்கி, மை தடவிக் காகிதத்தில் ஒற்றி எடுத்த படம். கீழே பென்சிலில் 14/40 என்று இருக்கிறது. நாற்பது தாள் ஒற்றியதில் இது பதினாலாவது. ஆர்டர் முடிந்தபின் யாரும் கேட்கவில்லை. நான் எடுத்துவந்து சட்டம் போட்டு மாட்டினேன். மரம், வீடு, ஆள் எதுவும் கிடையாது. ஒன்றன் பின் ஒன்றாக மூன்று மலை. மலை என்றுகூடச் சொல்ல முடியாது, மூன்று சரிவுகள். குறுக்கே சாய்வாக ஒரு பட்டை. மேலே வானம். வானத்தில் பலகையின் ரேகைகள் அப்படியே பதிந்து, காற்று ஓடுகிற மாதிரி இருக்கும். மைனாவதிக்கு அது வெடியால, அதாவது விடியற்காலை. எனக்கு அது பொழுதோட, சாயங்காலம். பழுப்பு மலை, சந்தன வானம், வெயில் இறங்கிய மண்பாதை. நிறத்தைப் பற்றி என்னிடமே வாதாடுகிறாள்.

பிப்ரவரி 9, திங்கள்

ஆயிற்று. வலிக்கவில்லை. எழுத வேண்டாம் என்கிறாள்.

பிப்ரவரி 10, செவ்வாய்

காலையில் கட்டைப் பிரித்தார்கள். நர்ஸின் உடுப்பு இவ்வளவு வெள்ளையா என்று தோன்றியது. வீட்டுக்கு வந்து ஹாலில் உட்கார்ந்து கறுப்புக் கண்ணாடியைக் கழற்றியதும் சத்தம் போட்டுவிட்டேன்.

"யாரு படத்த மாத்துனது?"

சமையலறையிலிருந்து வந்தாள். "ஆமாங்க. நீங்க ஆஸ்பத்திரில படுத்திருந்தப்ப நான் வேற படம் வரைஞ்சு மாட்டிட்டேன்."

"விளையாடாத மைனா. துடைச்சியா? வெயில் பட்டுதா?"

"நீங்க மாட்டுன எடத்துலயேதானுங்க இருக்குது. போய்க் கிட்ட நின்னு பாருங்க."

கிட்டப் போய்ப் பார்த்தேன். அதே 14/40. அதே மூன்று சரிவுகள். ஆனால் வானம் சந்தனம் இல்லை. வெளிறிய லேவண்டர், அடியில் லேசான ரோஸ். மலைகளில் பழுப்பே இல்லை, ஊதாவும் நீலமும். நான் மண்பாதை என்று நினைத்திருந்த பட்டை கிட்டத்தட்ட வெள்ளை, பனி இறங்கியிருப்பதுபோல. லென்ஸ் சரியில்லை என்று நினைக்கிறேன். அடுத்த முறை போகும்போது டாக்டரிடம் கேட்க வேண்டும்.

சொட்டு மருந்து நாலு வேளை. தலைக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது, குனியக் கூடாது. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை எழுந்து ஜன்னலுக்கும் நாற்காலிக்கும் நடக்கிறேன்.

பிப்ரவரி 12, வியாழன்

காலண்டர் அட்டையைக் கிழித்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு கண்ணாக மறைத்துப் பார்க்கிறேன். இடது கண்ணில் பழைய படம் அப்படியே இருக்கிறது: சாயங்காலம், பழுப்பு, சந்தனம். வலது கண்ணில் இவள் சொன்ன வெடியால. ஒரே சுவரில், ஒரே ஆணியில்.

ஆனால் படம் நல்ல படம். இத்தனை நாள் நிறத்தை மட்டும் பார்த்தேன், செய்நேர்த்தியைப் பார்க்கவில்லை. ஏழு நிறம் தெரிகிறது. பலகை ஐந்துதான் இருக்கும். ஒரு மைமேல் இன்னொரு மை மெல்லிசாக விழுந்து மூன்றாவது நிறம் கிடைத்திருக்கிறது. நாங்கள் டிரம்மில் செய்வதை இந்த ஆள் காகிதத்தில் செய்திருக்கிறான். நாற்பது தாளிலும் இதே மாதிரி வந்திருக்குமென்றால் அவன் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம்.

பொங்கலுக்கு நான் எடுத்துக்கொடுத்த சாம்பல் நிறச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள். அது நல்ல ஊதா.

"சாம்பல்னு சொல்லித்தான எடுத்தேன்? அப்பவே சொல்றதுக்கென்ன?"

"சொன்னா ஒத்துக்குவீங்களாக்கு?" என்றாள்.

பிப்ரவரி 13, வெள்ளி

அவிநாசிப் பக்கம் ஒரு டையிங் யூனிட் மேனேஜர் போன் பண்ணினார்.

"மாஸ்டர், ஜெனோவான்னு ஒரு பொண்ணு லேப் வேலைக்கு வந்திருக்குதுங்க. உங்ககிட்ட நாலு வருஷம் இருந்துச்சாமா. எப்படிங்க?"

"நல்ல பொண்ணுதானுங்க. கவனம்தான் பத்தாது."

கேட்டார், பதில் சொன்னேன். போன வருஷம் ஒரு லாட் துணி முழுக்க நிறம் மாறிப்போய் வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்தது. ஷேடு கார்டில் இருந்தது அவள் கையெழுத்து. முதலாளி கார்வேந்தன் விசாரித்து அவளை வேலையிலிருந்து நிறுத்தினார். விசாரணையில் நான் அவளைப் பற்றித் தப்பாக ஒரு வார்த்தை பேசவில்லை. இப்போதும் நல்ல பொண்ணு என்றுதான் முதலில் சொன்னேன்.

மதியம் தூங்கலாம் என்று படுத்தேன். வரவில்லை. மோட்டார் ரூம் சுவிட்சைச் சரிபார்க்கப் போனேன். அது சரியாகத்தான் இருந்தது.

பிப்ரவரி 14, சனி

மைனாவதி கேட்டாள்: "நேத்து போன்ல யாரப் பத்திங்க பேசுனீங்க?"

சொன்னேன். அவள் கீரை ஆய்ந்தாள். ஆய்ந்து முடித்த கீரையை மறுபடி ஆய்ந்தாள்.

பிப்ரவரி 16, திங்கள்

பீரோவிலிருந்து என் ஷேடு நோட்டை எடுத்தேன். லாட் லாட்டாகத் துண்டுத்துணி வெட்டி ஒட்டி வைத்திருக்கிறேன். பையர் ஒத்துக்கொண்ட துண்டு இடப்பக்கம், எங்கள் துணி வலப்பக்கம். அந்த லாட்டின் பக்கத்தைத் திறந்தேன்.

பார்த்தேன். நோட்டை மூடி வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 17, செவ்வாய்

எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் இன்றைக்கும் ஜன்னலுக்கும் நாற்காலிக்கும் நடந்துகொண்டேதான் இருப்பேன்.

அந்த லாட்டின் நிறம், இந்தப் படத்தின் வானம். படத்திலிருந்து பையர் எடுத்த நிறங்களில் அதுதான் முக்கியம். அந்த லேவண்டருக்காகத்தான் படத்தையே அனுப்பினார்கள். ஆர்டரில் பெயரைப் படித்தும் படத்தில் சந்தனமாகத்தான் பார்த்தேன். என் இடது கண்ணுக்கு இரண்டு துண்டும் ஒன்று. சத்தியம் செய்யச் சொன்னால் செய்வேன். வலது கண்ணில் பார்த்தால் இடப்பக்கம் லேவண்டர், வலப்பக்கம் அடுப்புச் சாம்பல். பச்சைக் குழந்தைக்குக்கூட வித்தியாசம் தெரியும்.

அன்றைக்கு ஜெனோவா துண்டைக் கொண்டுவந்து நிறம் ஒப்பிடும் லைட் பாக்ஸில் வைத்துச் சொன்னாள். "நீலம் கம்மி மாஸ்டர். மெஷின் அளவும் அதத்தான் சொல்லுது." நிறத்தை அளக்க ஒரு மெஷின் வைத்திருக்கிறோம். நான், "மெஷினுக்கு முப்பது வருஷ சர்வீஸ் இருக்குதா?" என்றேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கும் சந்தோஷமாக இருந்தது. லாட்டை அனுப்பு என்றேன்.

கையெழுத்து வழக்கமாக நான்தான் போடுவேன். அந்தச் சமயத்தில் கொஞ்ச நாளாகவே கார்டில் இருக்கும் சின்னக் கட்டத்துக்குள் என் எழுத்து நிற்கவில்லை. கோட்டைத் தாண்டி எங்கோ போனது. தூக்கம் சரியில்லை என்று வைத்துக்கொண்டேன். "நீயே போட்டுரு ஜெனோவா" என்றேன். போட்டாள்.

கண்தான் காரணம். கண் இப்படி ஏமாற்றும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

பிப்ரவரி 21, சனி

முருங்கைக்காய் சாம்பார். சொட்டு மருந்து. நாலு நாளில் அந்தப் படத்தை எத்தனை தடவை பார்த்தேனோ தெரியாது. மாற்றி மாற்றிக் கண்ணை மறைத்துப் பார்த்ததில் கழுத்துப் பிடித்துக்கொண்டது. இடது கண்ணில் பார்த்தால் நான் சொன்னது சரி. அதனாலேயே அதில் கொஞ்சம் அதிக நேரம் பார்க்கிறேன்.

பிப்ரவரி 25, புதன்

வீட்டுக்குள் இருக்க முடியவில்லை. தெருமுனை வரை நடந்தேன். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு போனதால் டீக்கடையில் எல்லோரும் விசாரித்தார்கள். "மாஸ்டர் கண்ணே ரிப்பேராயிருச்சுங்களா?" என்று ஒருவன் சிரித்தான். டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்தேன்.

மார்ச் 2, திங்கள்

செக்கப். வலது கண் நன்றாக இருக்கிறது. லென்ஸில் ஒரு குறையும் இல்லையாம். இடது கண் ஆபரேஷன் ஒன்பதாம் தேதி.

பஸ்ஸில் வரும்போது ஒரு யோசனை வந்தது. மறைக்காமல் எழுதுகிறேன். ஒன்பதாம் தேதிக்கு அப்புறம் இந்தப் பழைய கண் இருக்காது. எனக்கு அந்த இரண்டு துண்டும் ஒன்றாகத் தெரிந்தன என்பதற்கு இந்த உலகத்தில் ஒரே சாட்சி இந்தக் கண்தான். அதை எடுத்துவிட்டால் யாரும் எதையும் நிரூபிக்க முடியாது. இருபதாம் தேதி வேலைக்குத் திரும்பலாம். கண் முன்பைவிடக் கூர்மை. யாருக்கும் எதுவும் தெரிய வேண்டியதில்லை. இன்னும் ஏழு நாள்.

வீட்டுக்கு வந்ததும் மைனாவதியிடம் எரிந்து விழுந்தேன், காரணமில்லாமல்.

மார்ச் 4, புதன்

அவிநாசி மேனேஜருக்கு நானே போன் பண்ணினேன். அன்றைக்கு அந்தப் பெண்ணைப் பற்றிச் சொன்னது தப்பு, அவளைத் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

"அடடா, அந்த எடத்துக்கு வேற ஆள் போட்டாச்சுங்களே மாஸ்டர். நீங்க சொன்னீங்கன்னுதானுங்க அந்தப் பொண்ணு வேண்டாம்னு விட்டோம்."

போனை வைத்தேன். மைனாவதி வந்து சொட்டு மருந்து விட்டாள்.

"மைனா, எனக்குக் கண்ணு சரியில்லைன்னு உனக்கு எப்பத் தெரியும்?"

"ரெண்டு வருஷம் இருக்குமுங்க. துவைக்கப் போட்ட வெள்ளை வேட்டிய, காவி ஏறிப்போச்சுன்னு சண்டை போட்டீங்களே, அன்னைக்கு."

"ஏன் சொல்லல?"

"மூணு தடவ சொன்னேனுங்க. மூணு தடவையும் சோத்துத் தட்டத் தள்ளிட்டு எந்திரிச்சுப் போனீங்க."

அவள் சொன்னது எனக்கு ஞாபகமில்லை. தட்டைத் தள்ளியது ஞாபகம் இருக்கிறது.

மார்ச் 7, சனி

கம்பெனிக்குப் போனேன். மைனாவதியும் வந்தாள். கார்வேந்தன் அறையில் மேஜைமேல் ஷேடு நோட்டைத் திறந்து வைத்து, அட்டையால் வலது கண்ணை மறைத்துக்கொண்டேன்.

"இந்தக் கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணுங்க. அன்னைக்கு ரெண்டு கண்ணும் இப்படித்தான் இருந்துது. ஜெனோவா சரியாத்தான் சொல்லுச்சு. அனுப்பச் சொன்னது நான். திங்கக்கிழமை இந்தக் கண்ணையும் மாத்திருவாங்க. அதுக்கு முன்னாடி நீங்க பாத்துக்கோணும்."

கார்வேந்தன் நோட்டைத் தன் பக்கம் திருப்பினார். "இது எனக்கே தெரியுதுங்களே மாஸ்டர். சுத்தமா வேற வேற."

"அன்னைக்கு யாருமே பாக்கலீங்களே."

"நீங்க பாத்தாச்சுன்னா நாங்க எங்கீங்க பாக்கறது?"

நோட்டை மூடி என் பக்கம் தள்ளினார். பிறகு மெதுவாகச் சொன்னார். "விடுங்க மாஸ்டர். வயசானா எல்லாத்துக்கும் வர்றதுதான். கண்ணுதான காரணம், நீங்க என்னங்க பண்ணுவீங்க? அந்தப் பொண்ண வேணும்னா திரும்பக் கூப்பிட்டுக்கலாம். நீங்களும் இனிமே... ஷேடு பாக்க வேண்டாமுங்க. வீட்ல நிம்மதியா இருங்க."

முப்பத்தொரு வருஷம் அரை நிமிஷத்தில் முடிந்தது. அழுகை வந்தது, கண்ணில் தண்ணீர் படக்கூடாது என்று டாக்டர் சொன்னது ஞாபகம் வந்து அடக்கிக்கொண்டேன். ஆனாலும் வெளியே வந்தபோது லேசாக இருந்தது. கண்தான் காரணம் என்று முதலாளியே சொல்லிவிட்டார். நாளைக்கு ஜெனோவா வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டால் முடிந்தது. மதியம் வயிறாரச் சாப்பிட்டேன். நன்றாகத் தூங்கினேன்.

மார்ச் 8, ஞாயிறு

அங்கேரிபாளையத்தில் வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்று. ஜெனோவாவுக்குச் சொந்த ஊர் நாசரேத் பக்கம். கல்யாணமாகி இங்கே வந்தவள். இப்போது ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை, துணியில் ஓட்டை, பிசிறு பார்க்கிற வேலை. சர்ச்சுக்குப் போய்விட்டு அப்போதுதான் வந்திருந்தாள்.

"வாங்க மாஸ்டர். அக்கா, உள்ள வாங்க."

படத்தைச் சுவரிலிருந்து கழற்றித் துண்டில் சுற்றிக் கொண்டுபோயிருந்தேன், அவளுக்குக் கொடுக்க. முதலில் பேச்சை முடித்துக்கொண்டேன். புரை, இரண்டு துண்டு, முதலாளியிடம் சொன்னது, அவளை வேலைக்குத் திரும்பக் கூப்பிடுவது எல்லாம் சொன்னேன். "என்ற கண்ணு பண்ணுன தப்புக்கு நீ பழி சுமந்துட்டம்மா" என்றேன். வரும் வழியில் யோசித்து வைத்திருந்த வாக்கியம் அது.

அவள் தரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்:

"உங்களுக்குக் கண்ணு தெரியலன்னு எனக்குத் தெரியும் மாஸ்டர். துணிய எடுத்துக்கிட்டு ஜன்னலுக்கு ஜன்னலுக்குப் போவீங்க. கட்டத்துக்குள்ள கையெழுத்து நிக்காது. நாலு பேரு முன்னால உங்களக் கேவலப்படுத்த வேண்டாம்னுதான், போடுன்னதும் போட்டேன்."

"தெரியுமா உனக்கு?"

"தெரியும். கண்ணு தெரியல, அத விடுங்க. 'இது யாரு கையெழுத்து'ன்னு முதலாளி கேட்டாங்கல்லா. நா உங்களத்தான் பாத்துக்கிட்டு நின்னேன். அன்னைக்கு உங்க வாய்க்கு என்ன ஆச்சு மாஸ்டர்?"

மைனாவதி என் பக்கம் திரும்பவில்லை. நான் மேலே சுற்றிய ஃபேனைப் பார்த்தேன். விசாரணையன்றும் இப்படித்தான் ஒரு ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

துண்டைப் பிரித்துப் படத்தை நீட்டினேன். வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். கோபமாக இருக்கிறவள் அப்படிப் பார்ப்பாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. முகத்தைக் கிட்டக் கொண்டுபோய், மலைச் சரிவின் விளிம்பில் விரலை வைத்தாள். அங்கே பலகை ஒரு மயிரிழை விலகி விழுந்திருக்கிறது. ஊதாவுக்கும் நீலத்துக்கும் நடுவில் நூல்போல லேவண்டர் எட்டிப் பார்க்கிறது.

"மொத மொத இந்த வானத்து நெறத்தத்தான் காயிதம் முழுக்க ஒத்தியிருக்காங்க மாஸ்டர். மலையெல்லாம் அதுக்கு மேலதான் ஏறியிருக்கு. அதனாலதான் எங்க பாத்தாலும் குளுமையா இருக்கு. அடில இருக்கிறது தப்பாயிட்டா மேல என்ன போட்டாலும் நிக்காது. அந்த லாட்டப்ப இதச் சொல்லத்தான் வந்தேன்."

முப்பத்தொரு வருஷத்தில் யாரும் ஒரு நிறத்தை எனக்கு இப்படிச் சொன்னதில்லை. நான்தான் சொல்ல விட்டதில்லை.

படத்தைத் திருப்பி என் கையில் கொடுத்தாள். "இத நீங்களே வச்சுக்கிடுங்க. தெனமும் பாருங்க."

சாயங்காலம் வீட்டுக்கு வந்து ஒரு கடிதம் எழுதினேன். அது கார்வேந்தனுக்கு, அதன் நகல் அவிநாசி மேனேஜருக்கு. மூன்று தாள் கிழித்தேன், ஒவ்வொன்றிலும் கண் என்ற வார்த்தை வந்துவிட்டது. நாலாவதில் வரவில்லை. ஜெனோவா நிறம் தப்பென்று சொன்னாள். நான் மீறி அனுப்பச் சொன்னேன். கையெழுத்தும் நான் போடச் சொன்னது. விசாரணையில் உண்மை தெரிந்தும் என் பெயர் கெடும் என்று வாய் திறக்காமல் இருந்தேன். மைனாவதி படித்தாள். "இப்பத்தானுங்க சரியா எழுதியிருக்கறீங்க" என்று உறையில் போட்டாள்.

இடது கண்ணில் ஒரு தடவை படத்தைப் பார்த்துக்கொண்டேன். சாயங்காலம்.

மார்ச் 9, திங்கள்

ஆயிற்று.

மார்ச் 16, திங்கள்

இரண்டு கண்ணிலும் விடியற்காலைதான். எந்தக் கண்ணை மறைத்தாலும் பனியும் லேவண்டரும். அந்த மண்பாதை, சந்தன வானம் எல்லாம் போய்விட்டன. இனி அவற்றைப் பார்க்க வழியில்லை. எனக்கு ரொம்பப் பிடித்த படம் அது. சொல்லப்போனால் துக்கமாக இருக்கிறது.

"சுவத்துல என்னத்தத் தேடறீங்க?" என்றாள் மைனாவதி.

"பொழுதோட எங்க போச்சுன்னு பாக்கறேன்."

அவள் ஜெயித்த சந்தோஷத்தைக் காட்டவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "எனக்கும் அது எப்படி இருந்துதுன்னு சொல்லுங்க, கேக்கறேன்" என்றாள். சொன்னேன். அவ்வளவையும் கேட்டாள்.

பதினோரு மணிக்கு ஜெனோவா போன் பண்ணினாள். கடிதத்தை முதலாளி அவளிடமே காட்டினாராம்.

"நாளைக்கு லேபுக்குப் போறேன் மாஸ்டர். நா பாத்துச் சரின்னாத்தான் கையெழுத்துப் போடுவேன்னு சொல்லிட்டேன். சரின்னுட்டாங்க."

"நல்லதும்மா."

"நீங்க பேசுனதுக்கு ஏழெட்டு மாசம் லேட்டு." கொஞ்சம் பொறுத்து, "கண்ணப் பாத்துக்கிடுங்க" என்று வைத்துவிட்டாள்.

டைரியைப் பின்னால் புரட்டி, பிப்ரவரி பதிமூன்றாம் தேதிப் பக்கத்துக்குப் போனேன். "கவனம்தான் பத்தாது" என்பதை ஒரே கோடாக அடித்தேன். "விசாரணையில் நான் அவளைப் பற்றித் தப்பாக ஒரு வார்த்தை பேசவில்லை" என்று எழுதியிருந்தேன். எழுத்துக்கு எழுத்து உண்மைதான். அதையும் அடித்தேன்.

இரண்டுக்கும் பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன்: சென்னியப்பன்.